இடது பக்கம் சாய்கிற விமானம்

அத்தியாயம் 9

“மேடம், இது ஒரு திட்டமிட்ட சதி,” என்றார் கேப்டன்.

கேப்டன் என்பது அவர் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட பதவி உயர்வு. ஓய்வு பெறும்வரை அவருடைய கட்டளைக்குக் கட்டுப்பட்டு ஓடியவை தண்ணீர் லாரிகள் மட்டுமே. அவையும் பாதி நாள் ஓடியதில்லை. ஆனாலும் தோளில் தங்கப் பட்டை வைத்துத் தைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஆட்கள் யாருமில்லாத தகரக் கொட்டகையில், மேடையில் பேசுவது மாதிரியே பேசினார்.

கேட்டுக்கொண்டிருந்த பெண்மணியை ஆடிட்டர் என்பார்கள். முன்பு அதுதான் தொழில். அடுத்தவர் கணக்கில் பொய் தேடி அலுத்துப்போய், துப்பறிகிறேன் என்று அடுத்தவர் வாழ்க்கையில் தேட வந்துவிட்டவர். ஐம்பது வயது. பக்கத்தில் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவன் உதவியாளன் அரியர். ஆடிட்டர் ஆகிற பரீட்சையில் அவன் பாக்கி வைத்த தாள்கள் கடைசியில் பெயராகவே ஒட்டிக்கொண்டன. முப்பத்தைந்து வயதாகியும் உதிரவில்லை.

“சதி பண்ணது யாருன்னு சந்தேகம்?” என்றார் ஆடிட்டர்.

“அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களை அழைத்திருக்கிறேன்? இந்த வாரத்துக்குள் தெரிந்தாக வேண்டும்.”

சதிக்கு ஆளானது கொட்டகையின் நடுவில் நின்றது. இரண்டு பேர் அருகருகே உட்காரக்கூடிய குட்டி விமானம். வெள்ளை உடம்பு, நீலக் கோடு. பன்னிரண்டு வருஷம் இதே கொட்டகையில் கையால் கட்டியது. கருவிப் பலகையில் பித்தளைத் தகடு ஒன்று மின்னியது: ‘சிந்தனை, வடிவமைப்பு, உருவாக்கம், இயக்கம்’. கீழே ஒரே ஒரு பெயர்.

“பாட்டும் சண்டைப் பயிற்சியும் வேற யாரோ போல,” என்றான் அரியர்.

கேப்டன் அவனைப் பார்க்காமலே விமானத்தின் இடது இறக்கைக்குப் போனார். இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசைகிற மடல். அந்த மடலின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அலுமினியத் தகடு.

“டிரிம்! விமானக் கலையின் உச்சம்! விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் இந்தத் தகட்டை ஒரு மயிரிழை வளைக்க வேண்டும். பிறகு மேலே போய்க் கைகளை எடுத்துவிட வேண்டும். நேராகப் போனால் வெற்றி. சாய்ந்தால் இறங்கி வந்து மறுபடி வளைக்க வேண்டும்.”

“பேன்ட் ஆல்டரேஷன். போட்டுப் பாத்து, கழட்டி, மறுபடி டைலர்கிட்ட,” என்றான் அரியர்.

உச்சக் கலை இவ்வளவு சீக்கிரம் தையல் கடைக்கு இறங்கும் என்று கேப்டன் எதிர்பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினார். “இது இடது பக்கம் சாய்கிறது. தகட்டை மேல்நோக்கி வளைத்துச் சரிசெய்கிறேன். ஒரு வாரம் நேராகப் பறக்கிறேன். அடுத்த வாரம் வந்து பார்த்தால், எவனோ தகட்டை மறுபடி தட்டையாக்கி வைத்திருக்கிறான்! வாரா வாரம் இதே கூத்து! போன வாரமோ எதிரி எல்லையே மீறிவிட்டான்!”

“பூட்டு?”

“உடைக்கப்படவில்லை.”

“ஆரம்பத்துலேருந்தே சாயுமா?”

“முதலில் டிரிம் செய்து முடித்ததும் அம்பு மாதிரி பறந்தது. கையை விட்டுவிட்டுக் காபி குடிக்கலாம். பிளையிங் கிளப்பில் எனக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான்...” கேப்டனின் குரல் ஒரு படி இறங்கியது. “சாய ஆரம்பித்தது.”

“பாராட்டை விமானம் தாங்கலை போல,” என்றான் அரியர்.

“பெட்ரோல் ஒரு பக்கம் மட்டும் காலியாகுமா?” என்றார் ஆடிட்டர்.

“டாங்க் ஒன்றே ஒன்று. நடுவில்.”

“உங்க சீட் எது?”

“இடது.”

“வலது சீட்ல?”

“யாருமில்லை. நான் எப்போதும் தனி ஆள்.”

ஆடிட்டர் எக்கி விமானத்துக்குள் பார்த்தார். இடது சீட்டின் பெல்ட் கேப்டனின் ஒல்லி உடம்புக்கு இழுத்துச் சுருக்கப்பட்டிருந்தது. வலது சீட்டின் பெல்ட் கடைசி வரை தளர்ந்து கிடந்தது. கொக்கி பிடித்த இடத்தில் நாடா தேய்ந்து வெளுத்திருந்தது. யாருமே உட்காராத சீட்டில், நல்ல கனத்த தொப்பை ஒன்று பல காலம் உட்கார்ந்து எழுந்திருந்தது.

சுவரில் இரண்டு ஆணிகள் இருந்தன. ஒன்றில் காபிக் கோப்பை தொங்கியது. இன்னொன்று சும்மா இருந்தது. ஆடிட்டர் அதையும் பார்த்தார்.

பிறகு தகட்டுக்குக் குனிந்தார். போன வாரம் எதிரி எல்லை மீறிவிட்டான் என்று கேப்டன் சொன்னது உண்மைதான். தகடு தட்டையாக இல்லை. கீழ்நோக்கி முரட்டுத்தனமாக முறுக்கப்பட்டிருந்தது. இரண்டு பக்கமும் பிளையரின் பல் பதிந்த தடம், புதுசாக, பளபளவென்று. ஆனால் ரிவெட் தலைகளின் இடுக்கில் வேறு ஏதோ ஒட்டியிருந்தது. இளஞ்சிவப்பாக, அதன்மேல் ஒரு படலம் தூசி.

“பபுள் கம்மா?” ஆடிட்டர் நகத்தால் சுரண்டி உதவியாளனிடம் நீட்டினார்.

அரியர் விரலில் உருட்டினான். உடம்புச் சூட்டில் அது இளகியது. மூக்கருகே கொண்டுபோனான். முகம் மாறியது.

“மேடம், இதை நான் கடிச்சிருக்கேன்.”

“எதை?”

“இதையே. போன வருஷம் இந்தப் பல்லு கட்டினப்போ.” உதட்டைத் தூக்கி ஓரத்துப் பல்லைக் காட்டினான். “வெந்நியில போட்டு எடுத்து, வாய்க்குள்ள வெச்சு, கடிங்கம்பாங்க. பல்லுக்கு அச்செடுக்குற மெழுகு.”

ஆடிட்டர் கேப்டன் பக்கம் திரும்பினார்.

“கேப்டன், உங்களுக்குத் தெரிஞ்ச பல் டாக்டர் யாராவது?”

“எவரும் இல்லை.” பதில் கேள்வியின் வாலை மிதித்துக்கொண்டு வந்தது.

“உங்க மேல் வரிசை யார் கட்டினது?”

“நினைவில்லை.”

அந்த முகத்திலேயே பார்க்க நேர்மையாக இருந்தது அந்தப் பொய்ப் பல்வரிசை ஒன்றுதான். அப்படி ஒரு பல் செட் கட்டிக்கொடுத்தவரை எவனும் மறக்க மாட்டான்.  வெளியேறும்போது ஆடிட்டர் வேலை மேஜையை ஒரு பார்வை பார்த்தார். திருப்புளி, அரம், பிளையர். பார்வை பிளையரில் கொஞ்சம் தங்கிவிட்டு நகர்ந்தது.

*

கேட்டில் காவலுக்கு இருந்த அக்கா, வருகிறவர்களைவிடப் போகிறவர்களிடம்தான் அதிகம் பேசுவாள் போலிருந்தது.

“பல் டாக்டரா? கேப்டனோட மச்சினரு. வீட்டம்மாவோட தம்பி. அந்தம்மா தவறி ரொம்ப நாளாச்சு. அப்புறம் ரெண்டு பேரும்தான் இங்க கிடந்து தகரம் தட்டுவாங்க. ஒருத்தர் கத்துவாரு, ஒருத்தர் சிரிப்பாரு. எப்பவும் இதேதான்.”

“இப்ப வர்றதில்லையா?”

“விழா நடந்துச்சே, அன்னிக்குக் கேப்டன் மைக்கைப் புடிச்சாரு பாருங்க, விடவே இல்ல. ‘தனி ஒருவனாக நின்று கட்டினேன்’னு ஒரே முழக்கம். டாக்டரு கடைசி வரிசையில உக்காந்து கை தட்டிட்டு, சாப்பிடாமக்கூட பஸ் ஏறிட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேச்சில்ல.”

“அப்ப இங்க வரவே இல்ல?”

அக்கா குரலைத் தணித்தாள். “வியாழக்கிழமை மத்தியானம் வருவாரு. கிளினிக்குக்கு லீவு நாள். சாவி அவர்கிட்டயும் ஒண்ணு இருக்கு. அரை மணி நேரம் உள்ள இருப்பாரு, போயிருவாரு. இப்ப கொஞ்ச நாளா அதுவும் இல்ல.”

“கேப்டன் பாத்ததே இல்லையா?”

“அதான் எனக்கும் வெளங்கல. மத்த நாள்ல ஒரு நாய் உள்ள வந்தாலும் விசாரணை வைக்கிற மனுஷன், வியாழக்கிழமை மட்டும் கேன்டீன்ல போய் உக்காந்துருவாரு. கேட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. டாக்டரு பஸ் ஏறுன பெறகுதான் எழுந்திரிப்பாரு.”

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது அரியர் சொன்னான்: “மேடம், திருடன் வர்ற நேரம் பாத்துத் திரும்பி உக்காந்துக்கிற போலீஸை இப்பதான் முதல் தடவையா பாக்குறேன்.”

“இன்னிக்கு என்ன கிழமை?”

“வியாழன்.”

“நம்மள வரச் சொன்ன நாளைப் பாத்தியா? வண்டியை எடு.”

*

கிளினிக் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. படியேறியதும் வராந்தா. கதவில் தொங்கிய விடுமுறை அட்டை ஒரு வியாழனுக்கு மட்டும் மாட்டியது போல இல்லை. ஓரம் சுருண்டிருந்தது.

கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் ஆடிட்டர் தப்பான வீட்டுக்கு வந்துவிட்டதாக நினைத்தார். அந்த பெல்ட்டுக்குச் சொந்தக்காரர் இவரில்லை. கழுத்து எலும்பு தெரிந்தது. சட்டை வேறு யாருடையதோ போலத் தோளிலிருந்து தொங்கியது.

“பல் வலியா? நான் பாக்குறதை நிறுத்திட்டேனே.”

“விமான வலி,” என்றான் அரியர்.

 டாக்டர் சத்தமில்லாமல் சிரித்தார். “உள்ள வாங்க.”

அறை முழுக்க அட்டைப் பெட்டிகள். பாதி கட்டியும் கட்டாமலும். நோயாளிகள் உட்காரும் நாற்காலி போர்வை போர்த்திக் கிடந்தது. ஒரே ஓர் அலமாரி மட்டும் இன்னும் காலியாகவில்லை. அதில் வெள்ளைப் பல்வரிசைகள், ஊரில் பாதிப்பேரின் சிரிப்பு, பிளாஸ்டரில். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் ஒரு பெயர். கடைசியில் பல்லே இல்லாத ஒரு பிளாஸ்டர் துண்டு. உள்ளங்கை அகலம். நீளமாக, நடுவில் மெல்லிய பள்ளத்தோடு.

ஆடிட்டர் அதை எடுத்தார். “இந்தப் பேஷன்ட் யாரு?”

“எங்க பிளேன்தான்.” டாக்டர் ஒளிக்க முயலவில்லை. “கையை விட்டா நேரா போற அளவுக்கு அந்தத் தகட்டைக் கொண்டுவர எங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சும்மா. அத்தான் வளைப்பார், நான் திருத்துவேன். பறப்போம், இறங்குவோம், சண்டை போடுவோம். ஒருநாள் மேல போய்க் கையை விட்டோம். அசையலை. ரெண்டு பேரும் பேசலை. இறங்கினதும் நான் அச்செடுத்துட்டேன். நல்லா பொருந்தின எதையும் அச்செடுக்காம விட்டு எனக்குப் பழக்கமில்லை.”

“வாரா வாரம் போய் இதுக்கு ஏத்த மாதிரி திருப்பி வெச்சீங்க.”

“அவர் தனியா பறக்க வசதியா மாத்திக்கிறார். நான் இருந்தப்போ இருந்த மாதிரி வைக்கிறேன். மெழுகை வெச்சு அழுத்தி, இந்த அச்சோட ஒத்துப் பார்ப்பேன். அவ்வளவுதான். வாயைத் திறந்து பேசுறதுக்கு எங்க ரெண்டு பேருக்கும் துப்பில்லை.”

ஆடிட்டர் தலையசைத்தார். விமானம் சாயவே இல்லை. அது இரண்டு பேருக்கு அளவெடுத்துத் தைக்கப்பட்டது. ஒருவர் இறங்கிவிட்டார். மிச்சமிருந்தவர் தன் எடையைத்தான் கோளாறு என்று நினைத்து வளைத்துக்கொண்டிருந்தார்.

“அப்புறம் ஏன் டாக்டர் நிறுத்திட்டீங்க?” அரியரின் குரலில் இந்தத் தடவை நக்கல் இல்லை.

டாக்டர் தொளதொளத்த சட்டையை இரண்டு விரலால் இழுத்துக் காட்டினார். “வயித்துல ஆபரேஷன். பாதியை எடுத்துட்டாங்க. நல்லாத்தான் இருக்கேன், ஆனா ஆள் பாதிதான் இருக்கேன். ஆஸ்பத்திரியிலேருந்து வந்து ஒரு வியாழக்கிழமை பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். கையில இந்த அச்சு. அப்பதான் உறைச்சுது. இது என் பழைய உடம்புக்கு எடுத்தது. இப்ப நானே ஏறி உக்காந்தாலும் பிளேன் நேரா போகாது. ஈறு சுருங்கிட்ட வாயில பழைய பல் செட்டை மாட்டி அனுப்புற டாக்டரா நான்? திரும்பி வந்துட்டேன்.”

“உங்க அத்தானுக்குத் தெரியுமா?”

“யாரு சொல்றது? மாசக் கடைசியில மக வந்து கூட்டிட்டுப் போறா. வேற ஊர். நல்ல காத்தாம்.” பெட்டிகளைப் பார்த்துவிட்டு, நினைவு வந்தவராகக் கேட்டார்: “அது சரி, நான் போறதில்லையே, அப்புறம் என்ன புகார்?”

“போன வாரம் யாரோ பிளையரால முறுக்கிட்டாங்க.”

“பிளையரா!” இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவருக்கு ரத்தம் ஏறியது. “ரெண்டு மரச் சட்டத்துக்கு நடுவுல வெச்சு மெதுவா அழுத்தணும்மா அதை! எந்தக் காட்டுமிராண்டி...” பாதியில் நின்றார். அவர் அறிந்த காட்டுமிராண்டி ஒருவர்தான்.

பிளாஸ்டர் அச்சை டாக்டர் ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டார். “அவர்கிட்டயே குடுத்துடுங்க. நான் எடுத்துட்டுப் போய் என்ன பண்ணப்போறேன்?”

*

“கண்டுபிடித்தாயிற்றா?” கேப்டன் கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தார். கேன்டீன் பக்கம் போகவில்லை.

“ஆச்சு. ரெண்டு குற்றவாளி,” என்றார் ஆடிட்டர். “ஒருத்தர் தகட்டைத் தட்டையாக்கினவர். அவர் நிறுத்திட்டார். அவர் நிறுத்திட்டதைத் தாங்க முடியாம, அவர் பேர்ல பிளையரை எடுத்தவர் இன்னொருத்தர். உங்க பிளையர் பல்லுல அலுமினியம் இன்னும் ஒட்டிட்டிருக்கு கேப்டன்.”

கேப்டன் மறுப்பதற்கு வாயைத் திறந்தார். மேடைப் பேச்சு ஒன்று புறப்பட்டது, பாதி வழியில் தொலைந்தது.

“மெழுகைப் பாத்த உடனேயே உங்களுக்கும் தெரியும். எங்களுக்கு முன்னாடியே தெரியும். குற்றவாளியைக் கண்டுபிடிக்க நீங்க எங்களைக் கூப்பிடல. அவர் ஏன் வர்றதில்லைன்னு தெரிஞ்சுக்கக் கூப்பிட்டீங்க. அதை ‘சதி’ன்னு சொல்லாமலேயே கேட்டிருக்கலாம்.”

“எப்படிக் கேக்குறது?” முதல் தடவையாக அவர் சாதாரணமாகப் பேசினார். குரலே வேறாக இருந்தது. “எப்படி இருக்கான்?”

ஆடிட்டர் சொன்னார். ஆபரேஷன், பெட்டிகள், மாசக் கடைசி. கூட்டாமல் குறைக்காமல், ஒரு தணிக்கை அறிக்கை மாதிரி. அப்படிச் சொன்னால்தான் அவரால் சொல்ல முடிந்தது.

கேப்டன் விமானத்துக்குள் கைவிட்டு வலது சீட்டின் பெல்ட்டைத் தொட்டார். கொஞ்சம் சுருக்கப் பார்த்தார். எவ்வளவு சுருக்குவது என்று தெரியவில்லை. விட்டுவிட்டார்.

“பாதின்னா... என்ன எடை இருப்பான்?”

“தெரியாது. நான் நிறுத்துப் பாக்கல.”

“தெரியாம தகட்டை எப்படி வைக்கிறது?”

“ஆளை உக்கார வெச்சாத்தானே தெரியும்னு உங்க கலையே சொல்லுது? போய்க் கூப்பிடுங்க.”

கேப்டன் தோள் பட்டையைத் தடவினார். “எனக்கு அது வராது மேடம்,” என்றார். பிறகு கையை நீட்டி அச்சை வாங்கிக்கொண்டார். ஒரு குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும்.

அவர்கள் கிளம்பியபோது அவர் வேலை மேஜையில் இரண்டு மரச் சட்டங்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

*

“கேஸ் முடிஞ்சுதா மேடம்?” ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே அரியர் கேட்டான்.

“கண்டுபிடிச்சாச்சு. முடியல. ஹெல்மெட் எங்க?”

அரியர் தலையைத் தடவிப் பார்த்தான். தலை மட்டும் இருந்தது. “டாக்டர் கிளினிக் நாற்காலி மேல.”

“ஒரு பரீட்சையாவது நீ பாஸ் பண்ணியிருந்தா நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.”

வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை. பிறகு மறுபடி மருந்துக் கடை, மறுபடி படிகள். டாக்டர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றிருந்தார். அவர்களைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல் மிஷின் ஓட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கூரைகளுக்கு மேலே நெருங்கி வந்தது.

வெள்ளை உடம்பு, நீலக் கோடு.

விமானம் நேராக வந்தது. கிளினிக்குக்கு மேலே வந்ததும், எவனோ தோளில் கை வைத்து அழுத்துகிற மாதிரி, இடது இறக்கை மெதுவாக, மிக மெதுவாகத் தாழ்ந்தது. சட்டென்று நிமிர்ந்தது. ஒரு வட்டம் போட்டது. மறுபடி தலைக்கு மேலே வந்து மறுபடி தாழ்ந்தது.

“ஐயோ, கன்ட்ரோல் போயிடுச்சா?” என்றான் அரியர்.

“இல்லை.” டாக்டர் கண்ணெடுக்கவில்லை. “கையை விடுறார். வேணும்னே விடுறார். எனக்குக் காட்டுறார்.”

வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனிதர் அங்கே மேலே வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

“தகடு இன்னும் கோணலா டாக்டர்?”

“கோணலா இருந்தா டபக்குனு விழும். இது மெதுவா இறங்குது பாரு. அச்சுல எப்படி இருக்கோ அப்படியே, மயிரிழை பிசகாம வெச்சிருக்கார். முதல் தடவையா ஒழுங்கா வெச்சிருக்கார்.” டாக்டர் ஹெல்மெட்டைக் கை மாற்றிக்கொண்டார். “டிரிம்ல தப்பே இல்லை. வலது பக்கம் ஆளில்லை. அவ்வளவுதான்.”

மூன்றாவது தடவை இறக்கை தாழ்ந்தபோது அவர் பைகளைத் துழாவ ஆரம்பித்தார். கொட்டகைச் சாவி கிடைத்தது. உள்ளே போய் அலமாரியைத் திறந்து இளஞ்சிவப்பு மெழுகில் ஒரு தகட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு அரியரைப் பார்த்தார்.

“தம்பி, உன் வண்டியில மூணு பேர் போலாமா?”

“போலாம் டாக்டர். முன்ன மாதிரின்னா ரெண்டு ட்ரிப் அடிக்க வேண்டியிருக்கும்.”

டாக்டர் சிரித்துவிட்டார். இந்தத் தடவை சத்தமாக.

“வேணாம். நீங்க ரெண்டு பேரும் போங்க,” என்றார் ஆடிட்டர். தன் ஹெல்மெட்டைக் கழற்றி டாக்டர் தலையில் வைத்து வாரை மாட்டினார். கடைசி வரை இழுக்க வேண்டியிருந்தது. “நான் பஸ்ல வந்துக்கிறேன்.”

ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பி மறைந்தது. மருந்துக் கடைக்காரர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பஸ் ஸ்டாப்பில் ஆடிட்டரைத் தவிர யாரும் இல்லை. பெஞ்சு இரண்டு பேருக்கானது. அவர் ஓர் ஓரமாக உட்கார்ந்தார்.

மேலே இருப்பவருக்குக் கீழே நடந்தது எதுவும் தெரியாது. அவர் இன்னொரு வட்டம் அடித்து வந்தார். கையை விட்டார். காலிச் சீட்டின் கனத்துக்கு இடது இறக்கை மெதுவாகச் சாய்ந்தது.